வெள்ளி நைட் 2 மணியா, சனி அதிகாலை 2 மணியா? கிரிவலம் போறவங்களைக் குழப்பும் நாழிகை கணக்கு

திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பக்தர்கள் கூட்டம் அலைமோதும். கிரிவலத்துக்கு உகந்த நேரத்தை கோயில் நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அந்த நேரம் 'அதிகாலை 2 மணி' என்று இருந்தால்தான் சிக்கல். எந்த நாள் அதிகாலை? ஒரு நாள் தப்பினாலும் பஸ் டிக்கெட், ரூம் புக்கிங் எல்லாம் போச்சு.

ஏன் இந்தக் குழப்பம்?

நம்ம வீட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. செல்போனில் நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடும். பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அதுவரை கிழமை மாறாது.

பஞ்சாங்கத்தின் அளவு நாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் ஈஸி. எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து.

வெள்ளிக்கிழமைக்கு நேராக 'சதுர்த்தசி 50 நாழிகை' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவரை சதுர்த்தசி, அதன்பிறகே பௌர்ணமி என்று அர்த்தம். 50 நாழிகை என்றால் 20 மணி நேரம். உதயம் காலை 6 மணி என்றால், பௌர்ணமி பிறப்பது இரவு 2 மணிக்கு. பஞ்சாங்கத்துக்கு அது இன்னும் வெள்ளி. செல்போனுக்கு சனி!

சரி, இரவு 1 மணியை 'அதிகாலை' என்று சொல்லலாமா? செய்திகளில் சர்வசாதாரணமாக எழுதுகிறோம். ஆனால் பழந்தமிழர் ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாக ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். அதன்படி இரவு 10 முதல் 2 வரை யாமம். வைகறை தொடங்குவதே 2 மணிக்குத்தான். ஆக, 1 மணி அதிகாலையே இல்லை. நைட் 1 மணி என்று மக்கள் பேசுவதே சரி.

தாய்லாந்து பேச்சுவழக்கில் இது இன்னும் வேடிக்கை. இரவு 7 மணி அங்கே 'ஒரு தும்', 8 மணி 'இரண்டு தும்'. தும் என்பது முரசுச் சத்தம். நள்ளிரவு தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து வேறு பெயரில் எண்ணுவார்கள்.

ஊர் திரும்ப ரயில் புக் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிங்க. ரயில்வே கணக்கு நள்ளிரவுக் கணக்கு. டிக்கெட்டில் சனிக்கிழமை 00.30 என்று இருந்தால், வெள்ளிக்கிழமை நைட்டே ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.