அண்ணன் தம்பிக்கும் ஒரு வரிசை வேண்டும்

அப்பாவின் கருமக்கிரியை முடிந்த மறுநாளே ஜெலாப்பாங் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது. வீடு யாருக்கு? அப்பா உயில் எழுதவில்லை. நாங்கள் அண்ணன் தம்பி மூவர். “நம்ம வீட்டுல சண்டை வராது” என்றார் பெரியண்ணன். அம்மா எதுவும் பேசவில்லை.

எனக்கு நம் மாநில அரண்மனை நினைவுக்கு வந்தது. பேராக்கில் சுல்தானின் மூத்த மகன் நேரே அரியணை ஏறிவிடுவதில்லை. அரச குடும்பத்துக் கிளைகளுக்குள் பட்டங்கள் ஏணிப்படிபோல் அமைந்திருக்கின்றன. மேல்படி ராஜா மூடா. கீழ்ப்படி ராஜா கெச்சில் போங்சு.

1916இல் சுல்தானான அப்துல் ஜலீலுக்குப் பின், 1918இல் அவர் சகோதரர் இஸ்கண்டார் சுல்தானானார். பிற்காலத்தில் அப்துல் ஜலீலின் மகன் யூசுப்புக்கும் முறை வந்தது. 1963இல் யூசுப் மறைந்தபோது அரியணை ஏறியவர் இஸ்கண்டாரின் மகன் இட்ரிஸ். யூசுப்பின் மகன் அஸ்லான் ஷா முந்தைய ஆண்டுதான் கீழ்ப்படியில் கால் வைத்திருந்தார். 1984இல் அவர் சுல்தானானார்.

வரிசையை மீறியபோது என்ன நடந்தது? 1871இல் சுல்தான் அலி மறைந்ததும், ராஜா மூடா அப்துல்லாவை விட்டுவிட்டுப் பிரமுகர்கள் இஸ்மாயிலைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்துல்லா ஆங்கிலேயரின் உதவியை நாடினார். 1874 பங்கோர் ஒப்பந்தம் அவருக்கு அரியணையைத் தந்தது. ஆனால் சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியதாயிற்று.

மதுரையிலும் இதே கதைதான். சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த வேளையில், 1311இல் மாலிக் கபூரின் படை உள்ளே வந்தது. இரண்டு இடத்திலும் வீட்டுச் சண்டைக்குள் வெளியார் புகுந்தார்கள்.

எங்கள் வீட்டு விஷயத்தில் வழிகாட்டியது 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. சட்டம் பங்கைச் சொல்லும். யார் குடியிருப்பது, யார் வீட்டு வரி கட்டுவது என்பதைச் சொல்லாது.

அதை நாங்கள்தான் பேச வேண்டியிருந்தது. அம்மா இருக்கும்வரை வீடு விற்கப்படாது; வரியை மூவரும் ஆண்டு மாற்றி ஆண்டு கட்டுவோம்; விற்பதென்றால் முதலில் உடன்பிறந்தவரிடம் கேட்க வேண்டும். எழுதிக் கையெழுத்திட்டோம்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார்: “இதை உங்க அப்பா இருக்கும்போதே செஞ்சிருக்கலாம்ல?”