மழைக்கால ஜுரமும் பரிசோதனைக் கூடமும்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, ஜனங்கள் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு நெருங்கி வாழத் தொடங்கியதும், சென்னை முதல் தென்கோடி வரை வீட்டுக்கு வீடு இருமல் கேட்பது ஆண்டுதோறும் நாம் கண்ட அனுபவமே. ஆயினும் அந்த இருமல்கள் யாவும் ஒரே வியாதியினால் விளைந்தவை அல்ல என்பதை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்ஃப்ளுயன்ஸா, கைக்குழந்தைகளை மூச்சிரைக்க வைக்கும் ஆர்.எஸ்.வி. கிருமி, நம்மை விட்டு முற்றிலும் அகலாத கொரோனா, பாக்டீரியாவினால் வரும் நிமோனியா, மழை வெயில் என்று பாராமல் ஆண்டு முழுவதும் உடன் இருக்கும் காசநோய் ஆகிய இவை அத்தனையும் ஆரம்பத்தில் ஜுரம், இருமல், உடல்வலி என்ற ஒரே வேஷத்தில்தான் வைத்தியரின் முன் வந்து நிற்கின்றன.

இவற்றைப் பிரித்து அறிவதில் வைத்தியரின் கண்ணும் காதும் கையும் பாதி தூரம் செல்லும். மீதித் தூரத்துக்குப் பரிசோதனைக் கூடம் துணை நிற்கிறது. ஆனால் அந்தத் துணையின் இயல்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, முதலில் தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிறகு டாக்டரைத் தேடிச் செல்லும் வழக்கம் நம்மிடையே பரவி வருவதைக் காணும்போது எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது. பரிசோதனையின் முடிவு, வைத்தியர் நோயாளியை நேரில் பார்த்து எழுப்பிய ஒரு கேள்விக்கு விடையாக வர வேண்டியது. கேள்வியே இல்லாமல் வந்த விடையைக் கொண்டு எந்த வைத்தியராலும் சரியான சிகிச்சையை நிர்ணயிக்க முடியாது.

ஃப்ளூ ஜுரம் கண்டவர்களை மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசான ஜுரமும் தொண்டை வலியும் மட்டும் உள்ள முதல் வகையினருக்குப் பரிசோதனையே வேண்டியதில்லை. கடுமையான ஜுரம் உள்ளவர்களும், கர்ப்பிணிகள், வயோதிகர்கள், சர்க்கரை வியாதியும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் போன்ற ஆபத்து மிகுந்தவர்களும் இரண்டாம் வகை. அவர்களுக்கும் பரிசோதனை அவசியமில்லை, ஓசல்டமிவிர் மருந்து தேவையா என்பதை வைத்தியரே நிதானிக்கிறார். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், மயக்கம், நகம் நீலம் பாய்தல், குழந்தையானால் பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகிய அறிகுறிகள் தோன்றிய மூன்றாம் வகையினரை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பரிசோதித்து, முடிவு வரும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அம்மருந்தின் பலன் அதிகம். ஆகவே, ஆயிரக்கணக்கில் செலவு பிடிக்கும் பரிசோதனைப் பட்டியல் ஒன்றை நீட்டும்போது, ‘இதன் முடிவைப் பொறுத்து என் சிகிச்சையில் என்ன மாறும், டாக்டர்?’ என்று மரியாதையோடு கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல வைத்தியர் அக்கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பரிசோதனை அவசியம் என்று தீர்மானமான பிறகு, அதன் பயனெல்லாம் மாதிரி எடுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் அடங்கியிருக்கிறது. நைலான் இழை பொருத்திய மெல்லிய குச்சியை மூக்கின் அடித்தளத்தை ஒட்டிக் காதை நோக்கி மெதுவாகச் செலுத்தி, மூக்கின் பின்புறச் சுவரைத் தொட்டதும் சில விநாடிகள் அங்கேயே நிறுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும். கண்ணில் நீர் வரும், ஆனால் வலி பொறுக்கக்கூடியதே. மரக்குச்சியில் சுற்றிய சாதாரணப் பஞ்சு உதவாது; அதிலுள்ள சில பொருள்கள், கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். வினையைத் தடுத்துவிடக்கூடும். எடுத்த குச்சியை உடனே இளஞ்சிவப்பு நிறத் திரவம் அடங்கிய குழாயில் இட்டு, 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைத்து அனுப்புகிறார்கள். மூக்கின் நுனியைத் துடைத்துவிட்டு அனுப்பிய குச்சியோ, பிற்பகல் முழுவதும் மேஜை மேல் கிடந்த குழாயோ, எவ்வளவு உயர்ந்த இயந்திரத்தில் ஏறினாலும் ‘நெகட்டிவ்’ என்று பொய் சொல்லும் சாத்தியம் உண்டு.

இந்த ‘நெகட்டிவ்’ என்ற முடிவைக் குறித்துச் சற்று நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. கால் மணி நேரத்தில் கோடு காட்டும் ஃப்ளூ ரேபிட் கிட், தொற்று உள்ள நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது முதல் எழுபது பேரைத்தான் அடையாளம் காட்டுகிறது; கோடு விழுந்தால் பெரும்பாலும் நம்பலாம், விழாவிட்டால் நோய் இல்லையென்று சாதிக்க முடியாது. ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையோ கிருமியின் மரபணுத் துணுக்கைப் பன்மடங்கு பெருக்கிக் காண்பதால் மிகவும் நுட்பமானது. ஆயினும் மாதிரி தவறினால் அதுவும் தவறும். ஊரெங்கும் ஃப்ளூ பரவியிருக்கும் கார்த்திகை மாதத்தில், எல்லா அறிகுறிகளும் பொருந்தியிருக்கும் ஒருவருக்கு ரேபிட் கிட் நெகட்டிவ் என்று வந்தாலும் வைத்தியர் மருந்தைத் தொடரச் சொன்னாரானால், அவர் ரிப்போர்ட்டை அலட்சியம் செய்கிறார் என்று எண்ணலாகாது. அதன் எல்லையை அறிந்தே நடந்துகொள்கிறார்.

சளிப் பரிசோதனையிலும் இதே நியாயம்தான். விடியற்காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து காறி உமிழ்ந்த கெட்டிச் சளி வேண்டும். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், மைக்ராஸ்கோப்பில் சீழணுக்களுக்குப் பதிலாக வாயின் தோலணுக்களே மிகுந்து தென்படுவதைக் கண்டு, பொறுப்புள்ள லேப் அதை நிராகரித்து வேறு மாதிரி கேட்கும். அப்படிக் கேட்பவர்களிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் நலனுக்காகவே. சளி நன்றாக இருந்தால், கிராம் சாயமேற்றிப் பார்த்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நிமோனியாவுக்குக் காரணமான பாக்டீரியா எவ்வகை என்று ஓரளவு தெரிந்துவிடும்; கல்ச்சர் வைத்து, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும், எது கேட்காது என்று அறிவதற்கு மேலும் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை இரண்டு வேளை விழுங்கிவிட்டு வருபவரின் சளியிலும் ரத்தத்திலும் கிருமி வளராமலே போய்விடுவதுண்டு. பிறகு வைத்தியர் இருட்டில்தான் நடக்க வேண்டும். வைரஸினால் வந்த சாதாரண ஜுரத்துக்கு ஆன்டிபயாட்டிக்கினால் எள்ளளவும் பிரயோஜனமில்லை என்பதை இங்கே மீண்டும் சொல்லி வைக்கிறேன்.

ஜுரமும் இருமலும் சேர்ந்து வந்தாலும் வியாதியின் மூலம் வேறிடத்தில் இருப்பதுண்டு. மழையும் குளிருமான இதே மாதங்களில் நம் மாகாணத்தில் அதிகரிக்கும் ஸ்கரப் டைபஸ், புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் கடியால் வருவது. நுரையீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாய் முடியக்கூடும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டாற்போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று வைத்தியர் தேடிப் பார்த்து, ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே இதற்கு நல்ல மருந்து. இது ஸ்கரப் டைபஸாக இருக்குமோ என்ற கேள்வி எழாத இடத்தில், ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவு கட்டி, நாட்கள் வீணாகிவிடுகின்றன.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ச் சந்தேகம் எழ வேண்டும். அரசாங்க மையங்களில் சளியை மரபணு முறையில் இலவசமாகச் சோதித்து, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்திலேயே இயந்திரம் சொல்லிவிடுகிறது. காசநோயைக் கண்டுபிடிக்கும் பொருட்டு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையை 2012-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. எவரேனும் அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே ஆண்டு முதல், தனியார் லேபும் வைத்தியரும் காசநோயாளி ஒவ்வொருவரையும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அப்படிப் பதிவானவருக்கே சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1000 ரூபாய் சத்துணவு உதவித் தொகையும் வந்து சேர வழி பிறக்கிறது.

உரிமைகளைப் பற்றிச் சொல்வதானால், ஆஸ்பத்திரி சுட்டிக்காட்டும் லேபில்தான் பரிசோதிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம் இதைத் தெளிவாகக் கூறுகிறது. நோயாளியை அனுப்பியதற்காக லேபிடம் கமிஷன் பெறுவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் தடை செய்கின்றன. மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் தனியார் லேப்கள் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும், பரிசோதனைக் கூடங்களின் தரத்தை மதிப்பிடும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் கட்டாயமன்று, ஆனால் தரத்துக்கு நல்ல சாட்சி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பெயர், வயது, மாதிரி எடுத்த நேரம், பரிசோதனை முறை, பொறுப்பு மருத்துவரின் கையொப்பம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது நலம்.

முடிவு நோய்க்குப் பொருந்தவில்லை என்று வைத்தியர் கருதினால், முதலில் அதே லேபில் எழுத்து மூலம் மறுபரிசோதனை கோரலாம். பலவேளை காரியம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் மனுக் கொடுக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்திய சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, வழிகாட்டுதலுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆகையால் ரசீது, டாக்டரின் சீட்டு, இரண்டு ரிப்போர்ட்டுகளின் அசல் ஆகியவற்றை அதுவரையேனும் பத்திரமாக வைத்திருங்கள்.