கேமிங் லேப்டாப்பா, சாதா லேப்டாப்பா? காசு கட்டுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

காலேஜ் அட்மிஷன் சீசன் வந்தாலே நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான் வேற வேற வார்த்தையில வரும். "ப்ரோ, ஃபர்ஸ்ட் இயர் சேரப் போறேன். கேமிங் லேப்டாப் வாங்கலாமா, நார்மல் லேப்டாப் போதுமா?" ஒரு வரியில பதில் வேணும்னா, பெரும்பாலானவங்களுக்கு கேமிங் லேப்டாப் தேவையில்லை. ஆனா அந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் கடைக்குப் போனா, சாதா லேப்டாப்லயே மோசமான ஒண்ணை உங்க தலையில கட்டி அனுப்ப முடியும். அதனால இந்த எபிசோட் முழுக்க இதைப் பத்திதான்.

இந்த வாரம் ஒரு தங்கச்சி அனுப்பின வாய்ஸ் நோட்டை வச்சே பேசலாம். ஈசிஇ சேர்ந்திருக்காங்க. அவங்க அம்மா சீட்டு எடுத்து 60,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்காங்க. கடைக்காரர் 82,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் மாடலைக் காட்டி, "இதை எடுத்துட்டா நாலு வருஷத்துக்குக் கவலையே இல்லை, மீதி 22,000 இஎம்ஐல கட்டிக்கலாம்"னு சொல்லியிருக்கார். அந்தத் தங்கச்சி கேட்கிறது இதுதான்: "நான் கேம் ஆடுறதே இல்லண்ணா. ஆனா பின்னாடி கோர்ஸுக்குத் தேவைப்பட்டா என்ன பண்றது? அம்மாகிட்ட இன்னொரு தடவை கேட்க முடியாது."

இந்தப் பயம் நியாயமானது. இதை வச்சுதான் வியாபாரமும் நடக்குது. எடுத்த சீட்டையே இன்னும் மாசாமாசம் கட்டணும். அதுக்கு மேல ஒரு இஎம்ஐயும் சேர்ந்தா, ஒரே வீட்டுல ரெண்டு தவணை. அந்த 22,000 ரூபாய்க்கு என்ன கிடைக்குதுன்னு தெரிஞ்சுக்காம முடிவெடுக்கக் கூடாது.

கூடுதல் காசு எங்கே போகுது?

கேமிங் லேப்டாப்ல அதிகமா இருக்கிற முக்கியமான பொருள் தனி கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது டெடிகேட்டட் ஜிபியு. சாதா லேப்டாப்லயும் ஜிபியு உண்டு. ஆனா அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும், லேப்டாப்போட ரேமைத்தான் பங்கு போட்டுக்கும். தனி ஜிபியுவுக்குச் சொந்தமா வீடியோ மெமரி இருக்கும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கார்டுல 6 ஜிபி, 4060ல 8 ஜிபி. பழைய 3050ல பல மாடல்கள் 4 ஜிபியோடதான் வந்துச்சு.

இந்த ஜிபியு அதிகமா சூடாகும். அதுக்காக ரெண்டு ஃபேன், தடிமனான ஹீட் பைப். அதிக கரண்ட் வேணும், அதுக்காக 150 வாட், 200 வாட்னு செங்கல் மாதிரி ஒரு அடாப்டர். கூடவே 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன். உங்க கூடுதல் காசு இதுக்கெல்லாம்தான் போகுது.

சரி, இந்த ஜிபியு எப்போ வேலை செய்யும்? 3டி கேம் ஆடும்போது, பிளெண்டர்ல ரெண்டர் போடும்போது, கனமான எஃபெக்ட்ஸ் வச்சு 4கே வீடியோ எடிட் பண்ணும்போது, மெஷின் லேர்னிங் மாடலை ட்ரெயின் பண்ணும்போது. குரோம்ல முப்பது டேப், வேர்டு, பிபிடி, சி, ஜாவா, பைத்தான், ஆன்லைன் கிளாஸ் இதுக்கெல்லாம் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும். நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. கோடு கம்பைல் ஆகிற வேகம் பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி மூணையும்தான் நம்பியிருக்கு. ஜிபியுவுக்கு அதுல பங்கு கிடையாது.

இன்னொரு விஷயம் கடையில சொல்ல மாட்டாங்க. ஒரே பேர்ல இருக்கிற ஜிபியு எல்லா லேப்டாப்லயும் ஒரே வேகத்துல ஓடாது. ஆர்டிஎக்ஸ் 4050ஐ 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எந்த அளவுல வேணும்னாலும் கம்பெனி செட் பண்ணலாம். மெலிசான லேப்டாப்ல குறைஞ்ச வாட்ல ஓடும் கார்டும், தடிமனான லேப்டாப்ல முழு வாட்ல ஓடும் கார்டும் வேகத்துல ரொம்பவே வித்தியாசப்படும். ஸ்டிக்கர் மட்டும் ஒண்ணு. கேமிங் லேப்டாப்தான் வாங்கறதுன்னு முடிவாயிட்டா, ஸ்பெக் ஷீட்ல 'டிஜிபி'ன்னு போட்டிருக்கிற வாட் கணக்கைக் கட்டாயம் பாருங்க.

தினமும் கொடுக்கிற விலை

கேமிங் லேப்டாப் சாதாரணமா 2.2 கிலோவுல இருந்து 2.5 கிலோ. அடாப்டர் தனியா அரை கிலோவுக்கு மேல போகும். சாதா லேப்டாப் 1.5, 1.7 கிலோ, அதோட கைக்கு அடக்கமான 65 வாட் சார்ஜர். பார்க்க ஒரு கிலோ வித்தியாசம்தான். காலையில ஃபுட்போர்டு கூட்டத்துல பேகை மாட்டிக்கிட்டு நின்னா அந்த ஒரு கிலோ என்னன்னு தோள்பட்டை சொல்லும்.

அடுத்து பேட்டரி. கணக்கு சுலபம். 50 வாட்-ஹவர் பேட்டரி இருக்குன்னு வைங்க. சாதா லேப்டாப் லேசான வேலைக்கு 8, 10 வாட் இழுத்தா அஞ்சு மணி நேரத்துக்கு மேல வரும். கேமிங் லேப்டாப் அதே வேலைக்கு 15, 20 வாட் இழுத்தா மூணு மணி நேரம்தான். பேட்டரியில கேம் ஆடினா இன்னும் மோசம். சார்ஜர் இல்லாம பேட்டரியால அவ்வளவு பவரைக் கொடுக்க முடியாது, அதனால ஜிபியுவோட வேகத்தை லேப்டாப்பே குறைச்சிடும். காசு கொடுத்து வாங்கின வேகம் பிளக் பாயின்ட் பக்கத்துல உட்கார்ந்தா மட்டும்தான் கிடைக்கும். அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல எத்தனை பிளக் பாயின்ட் இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்குல எடுத்துக்கணும். ஃபேன் உள்ள இழுக்கிறது ரூம்ல இருக்கிற காத்தைத்தான். மே மாசம் ஏசி இல்லாத ஹாஸ்டல் ரூம்ல அந்தக் காத்தே அனலா இருக்கும். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். இதைத்தான் த்ராட்லிங்னு சொல்வாங்க. மெத்தை மேல வச்சு காத்து போற வழியை அடைச்சா கேட்கவே வேணாம்.

சாதா லேப்டாப்ல இருக்கிற பள்ளங்கள்

"அப்போ விலை குறைஞ்சதையே எடுத்துடலாமா?" அவசரப்படாதீங்க. இங்கேயும் விழுறதுக்கு நாலு பள்ளம் இருக்கு.

முதல்ல பிராசஸர் பேர். ஏஎம்டி ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். அந்த மூணாவது இலக்கத்தைப் பாருங்க. 7520ல இருக்கிற 2, ஜென் 2 டிசைனைக் குறிக்குது. அது 2019ல வந்த டிசைன். 7530ல இருக்கிற 3, ஜென் 3. மேலும் 7520யுவுல நாலு கோர், 7530யுவுல ஆறு கோர். முதல் 7ஐப் பார்த்துப் புதுசுன்னு நினைச்சா ஏமாந்தோம். இன்டெல் பக்கம் கடைசி எழுத்தைப் பாருங்க. யு-ன்னா பேஸ் பவர் 15 வாட் அளவுல, பேட்டரிக்கு நல்லது. ஹெச்-னா 45 வாட் அளவுல, நீண்ட நேரம் கனமான வேலைக்கு நல்லது.

ரெண்டாவது ரேம். இன்னைக்கு விண்டோஸ் 11, குரோம், கூட ஒரு ஐடிஇ திறந்தாலே 8 ஜிபி மூச்சு முட்டும். 16 ஜிபி வேணும். சில லேப்டாப்ல ரேமை போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, பிறகு கூட்டவே முடியாது. பட்ஜெட் இடிச்சா, 8 ஜிபியோட ஒரு ஸ்லாட் காலியா இருக்கிற மாடலை எடுங்க. பிறகு இன்னொரு 8 போட்டுக்கலாம். ரெண்டு ரேமும் சேர்ந்து டூயல் சேனல்ல ஓடும்போது, பிராசஸருக்குள்ள இருக்கிற ஜிபியுவுக்கும் வேகம் கூடும்.

மூணாவது ஸ்டோரேஜ். 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தா நல்லது. ரொம்ப மலிவான மாடல்ல இஎம்எம்சி-ன்னு ஒண்ணு வரும், அந்தப் பக்கமே போகாதீங்க.

நாலாவது ஸ்கிரீன். நாலு வருஷம் தினமும் பார்க்கப் போறது இதைத்தான், ஆனா யாரும் கேட்கிறதில்லை. டிஎன் பேனல் வேண்டாம், ஐபிஎஸ் வேணும். கடையில ஸ்கிரீனைச் சாய்ச்சு, பக்கவாட்டுல நின்னு பாருங்க. கலர் மாறினா வச்சிட்டு வந்துடுங்க. 250 நிட்ஸ் பிரைட்னஸ் வீட்டுக்குள்ள ஓகே, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா கண்ணைச் சுருக்கணும். 300 இருந்தா நிம்மதி. '45 சதவீதம் என்டிஎஸ்சி'ன்னு போட்டிருந்தா கலர் வெளிறித்தான் தெரியும். அந்த ஸ்கிரீன் பல கேமிங் லேப்டாப்லயும் இருக்கு, ஜாக்கிரதை.

யாருக்குத்தான் கேமிங் லேப்டாப்?

ஆர்க்கிடெக்சர், அனிமேஷன், கேம் டெவலப்மென்ட் படிக்கிறவங்க வாங்கலாம். லூமியன், பிளெண்டர், அன்ரியல் எஞ்சின் இதெல்லாம் தனி ஜிபியுவை நிஜமாவே பிழிஞ்சு எடுக்கும். வீடியோ எடிட்டிங்ல காசு பார்க்கிறவங்களுக்கும் அது முதலீடு.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் கொஞ்சம் பொறுங்க. 2டி ஆட்டோகேடுக்குப் பிராசஸருக்குள்ள இருக்கிற ஜிபியுவே போதும். நூத்துக்கணக்கான பார்ட்ஸ் வச்சு 3டி அசெம்ப்ளி போடும்போதுதான் தனி ஜிபியு உதவும். உங்க சிலபஸ்ல அது எந்த செமஸ்டர்ல வருது, காலேஜ் லேப்ல அதுக்கு சிஸ்டம் இருக்கான்னு சீனியர்கிட்ட கேளுங்க.

சிஎஸ், ஐடி, ஏஐ படிக்கிறவங்க "கூடா வேணும், அதனால என்விடியா வேணும்"னு சொல்வாங்க. கூடா என்விடியா கார்டுல மட்டும்தான் ஓடும், அது உண்மை. ஆனா கத்துக்கிற கட்டத்துக்கு கூகுள் கொலாப்ல ஜிபியு இலவசமாவே கிடைக்குது, நேரக் கட்டுப்பாடு மட்டும் உண்டு. பெரிய மாடலுக்குப் போயிட்டா 4 ஜிபி, 6 ஜிபி வீடியோ மெமரியும் பத்தாது, அப்பவும் கிளவுடுக்குத்தான் போகணும்.

கேம் ஆடத்தான் வாங்குறேன்னா, தாராளமா வாங்குங்க. அது ஒண்ணும் குத்தமில்லை. வேலொரண்ட் மாதிரி கேம் தனி ஜிபியு இல்லாமலும் ஓடும், சைபர்பங்க் 2077 மாதிரி கேமை அனுபவிச்சு ஆடணும்னா கேமிங் லேப்டாப்தான். ஆனா வீட்டுல "படிப்புக்கு வேணும்"னு சொல்லி வாங்காதீங்க. அம்மா அப்பா அந்த வார்த்தைக்காகத்தான் கடன் வாங்குறாங்க.

நாலு வருஷம் தாங்குமா?

இப்போ அந்தத் தங்கச்சியோட பயத்துக்கு வருவோம். பின்னாடி மாத்த முடியாததை இப்பவே நல்லதா எடுக்கணும். பின்னாடி சேர்க்க முடிஞ்சதுக்கு இப்பவே காசு கொடுக்க வேண்டாம். பிராசஸர், ஸ்கிரீன், எடை மூணும் மாத்த முடியாதது. ரேம், எஸ்எஸ்டி கூட்டலாம். ஜிபியு பவர் எப்பவாவது தேவைப்பட்டா அந்த நேரத்துக்கு மட்டும் கிளவுடுல வாடகைக்கு எடுக்கலாம். மேலும் இன்னைக்கு வாங்குற அடிமட்ட கேமிங் ஜிபியு நாலாவது வருஷத்துல பழசாகத்தான் இருக்கும், அதைக் கழட்டி மாத்தவும் முடியாது.

ஈசிஇக்கு என்ன வேணும்? மேட்லேப், ஆர்டுயினோ, கெய்ல், சர்க்யூட் சிமுலேஷன். விஎல்எஸ்ஐ பக்கம் போனா விவாடோ. விவாடோ கனமானதுதான், டிஸ்க்ல மட்டும் பல பத்து ஜிபியை விழுங்கும். ஆனா அது கேட்கிறது பிராசஸரும் ரேமும் எஸ்எஸ்டியும். அதனால என் பதில்: 60,000க்குள்ளேயே நில்லும்மா. 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, ஐபிஎஸ் ஸ்கிரீன், ஆறு கோருக்குக் குறையாத பிராசஸர். ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சமானா, கீழே விழுந்தாலும் சரிபண்ணித் தர்ற ஆக்சிடென்டல் டேமேஜ் வாரன்ட்டி போடுங்க.

இஎம்ஐ பத்தியும் ஒரு வார்த்தை. 'நோ காஸ்ட்'னு சொன்னாலும் உள்ளே வட்டி இருக்கு, அதை டிஸ்கவுன்ட்டா கழிச்சுக் காட்டுறாங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க பில்லுல வரும், பிராசஸிங் ஃபீஸ் தனி. "மொத்தமா கட்டினா என்ன விலை?"ன்னு முதல்ல கேளுங்க. பதில் குறைஞ்சு வந்தா, நோ காஸ்ட்டோட காஸ்ட் அதுதான்.

கடையில நிக்கும்போது

சீரிஸ் பேரை மட்டும் நம்பாதீங்க, ஒரே பேர்ல பத்து வேரியன்ட் இருக்கும். பெட்டியில இருக்கிற முழு மாடல் நம்பரை கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க. டெமோ பீஸ்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல மெமரியைத் தொட்டா, ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டுல இருக்குன்னு காட்டும். டைப்-சியில சார்ஜ் ஏறுமான்னு கேளுங்க, ஏறினா சார்ஜர் மறந்த நாள்ல பக்கத்து ஃப்ரெண்டோட சார்ஜர் காப்பாத்தும். பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டு வாரன்ட்டி தேதியைச் சரிபாருங்க.

"இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்"னு அவசரப்படுத்தினா, ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வெளியே வாங்க. டீ ஆறுறதுக்குள்ள மாடல் நம்பரைத் தேடிப் பார்த்துடலாம். அடுத்த எபிசோட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ரீஃபர்பிஷ்டு லேப்டாப் பத்திப் பேசலாம். உங்க டிபார்ட்மென்ட், பட்ஜெட் ரெண்டையும் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க.