எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு மனச்சோர்வு: சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எச்.ஐ.வி. என்றாலே மாத்திரை, சிடி4 எண்ணிக்கை, வைரல் லோடு... பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். மதியம் என்ன சாப்பிட்டீங்க, ராத்திரி தூக்கம் வருதா என்ற கேள்விகள் கடைசியில்தான் வரும். ஆனால் சாப்பாடு, மனசு, மாத்திரை மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பவை. எப்படி என்று பார்க்கலாம்.

மனச்சோர்வு ஏன் அதிகம்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. முதலில் தொடங்கிய 8 மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்று மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம்.

உடம்பு தேறினாலும் மனசு தேறுவதில்லை. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் மனச்சோர்வு பொதுமக்களைவிட சுமார் 2 முதல் 3 மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், தனிமை, வருமான இழப்பு இதற்குக் காரணம். வைரஸால் உடலுக்குள் நீடிக்கும் அழற்சியும் ஒரு காரணம்.

இதில் சாப்பாடு எங்கே வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, குடல். எச்.ஐ.வி. தாக்கும் சிடி4 செல்கள் குடலில் ஏராளம். குடல் சுவர் பலவீனமானால் கிருமிகளின் துகள்கள் ரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டும். அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு. கீரை, பயறு, பழம் போன்ற நார்ச்சத்துள்ள உணவுகள் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி.

இரண்டாவது, சத்துக் குறைபாடு. வைட்டமின் பி12, ஃபோலேட், இரும்புச்சத்து குறைந்தால் அசதி, எரிச்சல், சோர்வு வரும். வெறும் சோறும் ரசமும் வயிற்றை நிரப்பும்; இந்தக் குறையை நிரப்பாது.

மூன்றாவது, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற கவலை. இதுவே மனசை அரிக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் நடந்த ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வு 2017-ல் வெளியானது. 12 வாரம் உணவை மேம்படுத்திக்கொண்டவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். உணவை மாற்றாமல், பேச்சுத் துணை மட்டும் பெற்றவர்களில் இது 8 சதவீதம்தான். ஆனால் இது எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு அல்ல.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் எச்.ஐ.வி. அல்லது சர்க்கரை நோய் உள்ள 52 பேருக்கு 6 மாதம் சத்தான உணவு கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களில் மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்கள் 47 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தனர். சிறிய ஆய்வு, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. அதனால் இதை நம்பிக்கை தரும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், முடிவான தீர்ப்பாக அல்ல.

இது இருவழிப் பாதை. மனசு சரியில்லை என்றால் சமைக்கத் தோன்றாது, பசிக்காது. சாப்பிடவில்லை என்றால் மாத்திரையும் தள்ளிப்போகும். அடிக்கடி விட்டால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். உண்மையான ஆபத்து இங்கேதான்.

சாப்பிடாமல் மாத்திரை போடலாமா?

இப்போது பெரும்பாலானோருக்குத் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரையை சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். ‘இன்னைக்கு சாப்பிடலை, நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்று விட வேண்டாம். வேறு மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட் டோலுடெகிராவிரை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஆன்டாசிட் போடுவதற்கு 2 மணி நேரம் முன்போ, போட்டு 6 மணி நேரம் கழித்தோ மாத்திரையை எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் சேர்த்து எடுக்கக் கூடாது.

என்ன சாப்பிடலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நோய் அறிகுறி இல்லாதவருக்கு வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் கலோரி தேவை. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 200 கலோரி. ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு சின்ன வாழைப்பழமும் போதும். அறிகுறிகள் உள்ள பெரியவர்களுக்கு 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக வேண்டும்.

விலை உயர்ந்த பவுடர், டானிக் தேவையில்லை. ரேஷன் துவரம் பருப்பு, சுண்டல், முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, மத்தி மீன் போதும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12-க்குப் பால், தயிரை விடாதீர்கள். சிடி4 குறைவாக இருந்தால் பச்சை முட்டை, காய்ச்சாத பால் வேண்டாம்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

சாப்பாடு துணைதான், மனச்சோர்வுக்கு மாற்று மருந்து அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, அழுகை இருந்தால் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் சொல்லுங்கள். சில மருந்துகளே தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதால் மருத்துவர் அதையும் பார்ப்பார். வீட்டில் அரிசி பருப்பு இல்லை என்றால் அதையும் சொல்லலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் நிலையை ரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை.

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். இரண்டுமே கட்டணமில்லா எண்கள்.