பாய்த்தோணியும் பற்றுக் கணக்கும்

வியாபாரச் சகோதரர்களே, இந்த வாரம் கடையை விட்டுக் கொஞ்ச நேரம் கடற்கரைக்குப் போவோம். "இரும்புக் கடைக்காரருக்குத் தோணியில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நீர்கொழும்பில் கயிறு, ஆணி, வர்ணம், தூண்டில் விற்கும் எங்களைப் போன்றவர்களின் பற்றுப் புத்தகத்தில் பாதி கடலில்தான் மிதக்கிறது. கடல் நன்றாக இருந்தால் கடன் திரும்பி வரும். இல்லாவிட்டால் புத்தகத்திலேயே கிடக்கும். ஆகவே ஒரு தோணியை எப்படித் தெரிவு செய்வது, எப்படிக் கட்டுவது, எப்படிப் பாய் ஏற்றுவது என்று அறிந்து வைத்திருப்பதும் எங்களுக்கு வியாபார அறிவுதான். எனக்கு அந்த அறிவு பிந்தித்தான் வந்தது. அதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்கிறேன்.

1996 இல் நடந்தது

என்னோடு பாடசாலையில் படித்த ஒரு மீனவ நண்பர் 1996 இல் கடைக்கு வந்தார். தகப்பன் விட்டுச் சென்ற ஒருவாவை விற்றுவிட்டு, பைபர் போட்டும் வெளியிணைப்பு இயந்திரமும் வாங்கப் போவதாகவும், கையில் பாதிப் பணம்தான் இருப்பதாகவும் சொன்னார். ஒருவா என்பது ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய ஒடுங்கிய பாய்த்தோணி. சிங்களச் சொல்தான், எங்கள் ஊர்க் கடைப் பேச்சிலும் அப்படியே சொல்வோம்.

மறுபாதியை நான் கொடுத்தேன். போட்டின் விலையையும் எஞ்சினின் விலையையும் கூட்டிப் பார்த்தோமே தவிர, அந்த எஞ்சின் ஒவ்வொரு நாளும் எங்களிடம் என்ன கேட்கும் என்று இருவருமே கணக்குப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் கேட்டது, ஒயில் கேட்டது, பிளக் கேட்டது. இரண்டாவது வருடம் கச்சான் காலத்தில் பழுதாகி நின்றது. உதிரிப்பாகம் வாங்க அவரிடம் காசு இல்லை. ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு எஞ்சினைக் கழற்றி விற்று, என் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன்.

எழுதி வைத்த எழுத்தின்படி அது என் உரிமை. ஆனால் எஞ்சின் இல்லாத போட்டு கரையில் கிடக்கும் வெறும் தொட்டி. விற்ற ஒருவாவும் திரும்பி வராது. நண்பர் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போனார். அதன்பின் என் கடைப் படியில் அவர் ஏறவில்லை. தெருவில் கண்டால் சலாம் சொல்வது போலத் தலையை மட்டும் அசைப்பார்.

மண்ணெண்ணெய் இல்லாத வருடம்

2022 ஐ யாரும் மறக்க மாட்டோம். முதலில் காசு இருந்தும் மண்ணெண்ணெய் இல்லை. ஆகஸ்டில் எண்ணெய் வந்தபோது, லீற்றர் 87 ரூபா ஒரே இரவில் 340 ரூபாவானது. நாளைக்கு 20 லீற்றர் எரிக்கும் ஒரு போட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1,740 ரூபாவாக இருந்த எரிபொருள் செலவு 6,800 ரூபா. வலையைத் தண்ணீரில் போட முன்பே இவ்வளவும் போய்விடும். பின்னர் விலை இறங்கியதுதான். ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை.

அந்த நாட்களில் எஞ்சின் போட்டுகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. கபில நிறப் பாய் விரித்த ஒருவாக்கள் வழமை போலப் போய் வந்தன. அதிகாலையில் தரைக்காற்று அவற்றை வெளியே கொண்டு போகும். பகலில் கடற்காற்று திருப்பிக் கொண்டு வரும். இந்தப் போக்குவரத்துக்கு எந்தக் கூட்டுத்தாபனமும் விலை கூட்ட முடியாது.

அந்த வருடம் முடிவதற்குள் என் நண்பரின் மகன் கடைக்கு வந்தான். "முதலாளி, எனக்கு ஒரு ஒருவா வேண்டும். அப்பாவுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறேன்" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. "காசைப் பற்றிப் பிறகு பேசுவோம் மகன், முதலில் தோணியைப் பார்ப்போம்" என்றேன். வயதான ஒரு தோணிப் பாஸையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் புறப்பட்டோம்.

எந்தத் தோணி?

பாஸ் பையனிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எங்கே இறக்குவாய்? எதைப் பிடிப்பாய்? மேலே இழுக்க எத்தனை பேர்?

அலை உடையும் திறந்த கரையென்றால் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டிய தெப்பம் போதும். தண்ணீர் மேலே ஏறினாலும் மூழ்காது. ஆனால் ஆளும் வலையும் மீனும் நனையும். பாரம் ஏற்ற வேண்டுமானால் ஏராவும் விலாச் சட்டங்களும் வைத்துப் பலகையால் கட்டிய வள்ளம் நல்லது. அதற்கு மரமும் கூலியும் கூட. இழுக்க ஆளும் கூட. பையன் செய்ய நினைத்தது பாயின் இழுவையிலேயே மடிவலை இழுத்து இறால் பிடிக்கும் தொழில். நீர்கொழும்பில் இது பழைய முறை. அதற்கு ஒருவாதான் பொருத்தம். ஒடுங்கிய உடம்பு, நல்ல ஓட்டம், மிதவைக் கட்டை இருப்பதால் இலகுவில் கவிழாது. இரண்டு மூன்று பேர் போதும்.

ஒருவாவைச் சின்னத் தோணி என்று குறைவாக எண்ண வேண்டாம். தொடந்தூவைப் பக்கத்து வியாபாரிகளின் பெரிய யாத்திரா தோணிகளும் இதே மிதவைக் கட்டை முறையில் கட்டியவைதான். அவை இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் சரக்கு ஏற்றின. 1930 வாக்கில்தான் அந்த ஓட்டம் நின்றது.

கத்தி நுனியால் பார்த்தல்

ஒருவாவின் அடி, ஒரே மரத்தைக் குடைந்தது. மா மரம் மலிவு, குடையவும் இலகு. ஆனால் சீக்கிரம் உக்கும், எண்ணெய் பூசுவது தவறக்கூடாது. பலா நீடித்து நிற்கும். ஆனால் பலா வெட்டுவதற்கு 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கடுதாசி இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். இப்போது பெரிய மரம் கிடைப்பதே அரிது. அதனால்தான் பலர் அடியை மட்டும் பைபரில் வார்த்து, மிதவையையும் பாயையும் பழைய முறையில் கட்டுகிறார்கள். அதிலும் பிழையில்லை.

எங்களுக்குப் பழைய மர ஒருவா ஒன்று விலைக்கு வந்தது. புது வர்ணம் மினுங்கியது. பையனுக்குப் பிடித்துவிட்டது. பாஸ் வர்ணத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து சிறு கத்தியை எடுத்தார். இரண்டு நுனிகளிலும், பலகை பொருந்தும் விளிம்பிலும், குறுக்குக் கம்பு கட்டும் இடத்திலும் குத்திப் பார்த்தார். கத்தி பஞ்சில் போல இறங்கியது. "மழைத் தண்ணீர் நின்றிருக்கிறது. உப்புத் தண்ணீர் மரத்தைக் காக்கும், மழைத் தண்ணீர் தின்னும்" என்றார்.

பிறகு பார்த்தது வர்ணமே இல்லாத ஒரு பழைய ஒருவா. மேல் பலகைகள் உக்கிப் போயிருந்தன. ஆனால் அடி மரத்தில் கத்தி இறங்கவில்லை. தட்டினால் நுனி முதல் நுனி வரை ஒரே சத்தம் கேட்டது. கப்பல் புழு துளைத்த அடையாளமும் இல்லை. முதலில் பார்த்ததன் விலையில் பாதிக்கும் குறைவாக அதை முடித்தோம்.

ஆணி இல்லாத வேலை

பாஸின் கொட்டிலில் எனக்கு ஒரு படிப்பினை காத்திருந்தது. புதிதாக வந்திருந்த நல்ல ஆணிப் பெட்டியைக் கொண்டு போனேன். "நானா, உங்கள் ஆணி இதற்கு வேண்டாம், கயிறு அனுப்புங்கள்" என்றார் பாஸ்.

ஒருவாவின் பலகையை அடி மரத்தோடு தைப்பார்கள். இரண்டு விளிம்புகளிலும் நேருக்கு நேர் துளையிட்டு, பொருத்தின் மேல் தும்பு வைத்து அழுத்தி, தும்புக் கயிற்றால் குறுக்கும் மறுக்குமாக இழுத்துத் தைப்பார்கள். துளைகளைத் தும்பாலும் குங்கிலியத்தாலும் அடைப்பார்கள். இரும்பாணி உப்பில் துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கறுத்து இளகும். அலை முறுக்கும்போது ஆணி அடித்த பொருத்து வெடிக்கும். தைத்த பொருத்து இணங்கிக் கொடுக்கும். தையல் தேய்ந்தால் மீனவரே புதுக் கயிறு போட்டுக்கொள்ளலாம். பலகை வள்ளத்துக்குத்தான் ஆணி வேண்டும். அதற்கும் செம்பாணி அல்லது நாகம் பூசிய ஆணிதான் சரி. வாடிக்கையாளர் மலிவைக் கேட்டாலும் தோணிக்குச் சாதாரண ஆணி கொடுக்காதீர்கள்.

மிதவைக் கட்டை இரு பக்கமும் கூராக்கிய ஒரு மரம். வளைந்த இரண்டு குறுக்குக் கம்புகளால் தோணியோடு பிணைக்கப்படும். இந்தக் கட்டுக்கும் நைலோனை விடத் தும்புக் கயிற்றையே பாஸ் கேட்டார். நைலோன் வழுக்கும், வெயிலில் நாராகும். தும்புக் கயிறு நனைந்தால் ஊதி இறுகும். கடைசியாக உள்ளும் புறமும் சுறா எண்ணெய் பூசப்பட்டது. ஒரு வாரம் அந்தத் தெருவால் யாரும் மூக்கைப் பிடிக்காமல் போகவில்லை.

பாய் ஏற்றுதல்

ஒருவாவின் பாய் ஏறக்குறையச் சதுரம். இரண்டு நீண்ட மூங்கில்களுக்கு நடுவே விரியும். மூங்கில் முற்றியதாகவும் வெடிப்பில்லாததாகவும் இருக்க வேண்டும். முன்னர் பருத்திச் சீலையைப் பட்டை அவித்த சாயத்தில் தோய்ப்பார்கள். பூஞ்சணம் பிடித்து உக்காமல் இருப்பதற்கே அந்தக் கபில நிறம், அழகுக்கு அல்ல. இப்போது நைலோன் வகைத் துணிகளும் பாவிக்கிறார்கள். தார்ப்பாய் மலிவென்று சிலர் கேட்பதுண்டு. அது பாரம், காற்றில் இழுபட்டு உருவம் கெடும். நான் பாய்க்கென்று கேட்டால் தார்ப்பாய் கொடுப்பதில்லை.

ஒருவாவுக்கு முன் பின் என்று இல்லை. இரண்டு நுனியும் ஒன்றே. மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். ஆகவே திசை மாற வேண்டுமானால் தோணியைத் திருப்பாமல் பாயை மறு நுனிக்கு மாற்றி, சுக்கான் பிடிப்பவரும் இடம் மாறுவார். காற்று பலத்தால் ஆட்கள் குறுக்குக் கம்பில் ஏறி மிதவைப் பக்கம் போய் எடை கொடுப்பார்கள். ஓராள் காற்று, ஈராள் காற்று என்று காற்றையே ஆள் கணக்கில் அளந்தவர்கள் அந்தக் காலத்தவர்கள்.

துடுப்பும் கட்டாயம் வேண்டும். காற்று நின்றால் அதுதான் எஞ்சின். நிறுத்திப் பார்த்தால் தாடை உயரத்துக்கு வர வேண்டும் என்பது பாஸின் அளவு. இவற்றோடு ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும், கடற்றொழில் திணைக்களத்தின் பதிவும் எனது நிபந்தனைகள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு தேவை. பதிவில்லாத தோணிக்கு நான் கயிறும் கடன் கொடுப்பதில்லை.

கணக்கு

காசு விடயத்துக்கு வருவோம். அடியின் விலையில் ஒரு பகுதியைப் பையன் போட்டான். மீதியை நான் கொடுத்தேன். கடைச் சாமான்களைக் கொள்விலைக்கே எழுதினேன். மாதத் தவணை வைக்கவில்லை. "பிடித்த வாரம் கொடு, பிடிக்காத வாரம் கொடுக்காதே" என்றேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் குழம்பும். அப்போது அவன் களப்புக்குள் தொழில் செய்வான், வரவும் குறையும். அந்த மாதங்களுக்கும் ஒரே தவணை கேட்பது கடலைத் தெரியாதவர் போடும் கணக்கு.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஆழ்கடலில் சூரையும் கெலவல்லாவும் பிடிக்கப் போகிறவருக்கு எஞ்சின் இல்லாமல் முடியாது. ஒருவா கரையை அண்டித்தான் தொழில் செய்யும். வருமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் தொழில் இல்லாத நாளில் அது உரிமையாளரிடம் ஒரு சதமும் கேட்பதில்லை. பழுதானால் அவர் கையாலேயே திருத்தலாம். 1996 இல் நானும் நண்பரும் பார்க்கத் தவறியது இதைத்தான்.

சகோதரர்களே, யாராவது உங்களிடம் தொழிலுக்குக் கடன் கேட்டு வந்தால், அது தோணியோ முச்சக்கர வண்டியோ குளிர்சாதனப் பெட்டியோ, வாங்கும் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். ஓடாத நாளில் அது எவ்வளவு தின்னும் என்று கேளுங்கள். பழுதானால் யார் திருத்துவார் என்று கேளுங்கள். எந்த மாதங்களில் வரவு இருக்காது என்று கேட்டு, அதற்கேற்பத் தவணையை வையுங்கள். வங்கி இதைக் கேட்காமல் விடலாம். வாடிக்கையாளரின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டிய நாம் கேட்காமல் விடக்கூடாது.

பத்தொன்பதாவது மாதம் கடைசிப் பணம் வந்தது. கொண்டு வந்தவர் பையன் அல்ல, அவனுடைய தகப்பன். அத்தனை வருடங்களுக்குப் பிறகு கடைப் படி ஏறினார். பணத்தை மேசையில் வைத்தார். நான் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய விடயத்தை அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று, தொங்கிய தும்புக் கயிற்றுச் சுருளை விரலால் முறுக்கிப் பார்த்தார். "இது என்ன விலை, நானா?" என்று கேட்டார். தையல் மாற்றும் காலம் வந்திருந்தது.