பெட்டி சிறிது, எந்தக் கார்டு பொருந்தும்?

2012 ஜனவரியில் டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் பிரிவு, எக்ஸ்51 என்ற கணினியை வெளியிட்டது. உயரம் சுமார் 34 சென்டிமீட்டர். அகலம் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. டிவி அலமாரியில் கேம் கன்சோலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். உள்ளே இருப்பதோ முழு மேசைக் கணினி. இடத்தை மிச்சப்படுத்த மின்வழங்கியை வெளியே எடுத்து, லேப்டாப்புக்கு இருப்பதுபோல் தனி அடாப்டராகக் கொடுத்தார்கள். அது 240 வாட், 330 வாட் என இரண்டு வகைகளில் வந்தது. அகலம் இல்லாத பெட்டியில் கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டில் நேராகக் குத்தி நிறுத்த முடியாது. எனவே ரைசர் என்ற இடைப்பலகை ஒன்றை வைத்து, கார்டை மதர்போர்டுக்கு இணையாகத் திருப்பிப் பொருத்தினார்கள்.

தொடக்கத்தில் அதில் வந்தவை என்விடியாவின் ஜிடி 545, ஜிடிஎக்ஸ் 555 ஆகிய கார்டுகள். அந்தத் தலைமுறைச் சிப்புகளுக்குக் கேம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கொடுப்பதை என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. பெட்டி இன்னும் ஓடுகிறது, கேம்தான் திணறுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்குத் தோன்றும் முதல் யோசனை, கார்டை மட்டும் மாற்றுவது. செய்யலாம். ஆனால் சின்னப் பெட்டியில் எந்தக் கார்டு என்பதை உங்கள் பர்ஸ் முடிவு செய்வதற்கு முன் பெட்டியே முடிவு செய்துவிடுகிறது. எக்ஸ்51-ஐ உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம். இதே கணக்கு மற்ற சிறிய கணினிகளுக்கும் பொருந்தும்.

கார்டு என்ன செய்கிறது?

1920 x 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படம் என்றால், 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு நொடியும் கணக்கிட வேண்டும். வயலில் நடவுக்கு வரிசை கட்டி இறங்கும் ஆட்களைப் போல, ஒரே வேலையை ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்கிறது கிராபிக்ஸ் சிப். என்விடியா இந்த அலகுகளைக் கூடா கோர் என்று அழைக்கிறது.

2011-இல் வந்த ஜிடி 545-இல் 144 கோர்கள். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இல் 896. 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையில் 2,304. தலைமுறைக்குத் தலைமுறை கோரின் அமைப்பு மாறுவதால் இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. வளர்ச்சியின் திசையை மட்டும் இவை காட்டும். நமக்கு முக்கியமான எண் வேறு. ஜிடி 545-இன் ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்ட வகை 105 வாட் மின்சாரம் எடுத்தது. 1650-க்கு 75 வாட், 3050-இன் 6 ஜிபி வகைக்கு 70 வாட் போதும். கோர்கள் பல மடங்கு பெருகியும் மின்தேவை குறைந்திருக்கிறது. சிப் தயாரிப்பு 40 நானோமீட்டர் நுட்பத்திலிருந்து 12-க்கும், பின் 8-க்கும் இறங்கியதே முதன்மைக் காரணம். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதை இயக்கத் தேவையான மின்சாரமும் குறைகிறது. பழைய சிறிய கணினிக்கு மறுவாழ்வு சாத்தியமாவது இதனால்தான்.

வாட் கணக்கு

கார்டு செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளில் தனி மின்இணைப்பு இருக்கும். 6-பின் இணைப்பு கூடுதலாக 75 வாட், 8-பின் இணைப்பு 150 வாட் தரும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். எக்ஸ்51-இல் வந்த கோர் ஐ7-2600 ப்ராசஸருக்கு 95 வாட். மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், விசிறிகளுக்கு உத்தேசமாக 40 வாட் ஒதுக்குவோம். 75 வாட் கார்டைச் சேர்த்தால் 210. 240 வாட் அடாப்டருக்குள் அடங்குகிறது. 120 வாட் எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1060-ஐச் சேர்த்தால் 255. அடாப்டரின் எல்லை தாண்டிவிட்டது. கேமின் உச்சக்கட்டத்தில் கணினி சட்டென்று அணைந்துபோக வாய்ப்பு உண்டு. 330 வாட் அடாப்டர் உள்ளவர்களுக்கு இதே கார்டு தாராளமாகப் பொருந்தும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின்இணைப்பை 6-பின்னாக மாற்றும் வயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்களுக்கு 4.5 ஆம்பியர்தான் எல்லை, அதாவது 54 வாட். 6-பின் கேட்பதோ 75. கனெக்டர் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். அந்த வயர் பக்கமே போக வேண்டாம்.

இடமும் சூடும்

அடுத்தது ஸ்கேல். கார்டின் நீளம், தடிமன் இரண்டையும் அளக்க வேண்டும். பெரிய கார்டுகள் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒற்றை விசிறியுடன் சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்தில் வரும் கார்டுகளே சிறிய பெட்டிகளுக்கு ஏற்றவை. ஆபீஸ் உபயோகத்துக்கான மெலிந்த கணினிகளில் உயரமும் இடிக்கும். அவற்றுக்கு லோ புரொஃபைல் எனப்படும் குட்டை வகைதான் உள்ளே போகும். மின்வயர் எந்தப் பக்கம் செருகப்படுகிறது, அதற்கு இடமிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கார்டு எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. சிறிய பெட்டியில் அந்த வெப்பக் காற்று உள்ளேயே சுற்றி ப்ராசஸரையும் சுட வைக்கும். சூடு ஏற ஏறச் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராமல் போகும். வாட் குறைந்த கார்டையே நாட இது இரண்டாவது காரணம்.

பாதையின் அகலம்

ப்ராசஸருக்கும் கார்டுக்கும் இடையில் தரவு போய்வரும் பாதை லேன்களால் ஆனது. எக்ஸ்51-இன் முதல் வகையிலிருந்த ப்ராசஸர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 தலைமுறையைச் சேர்ந்தவை. அதில் 16 லேன்களில் ஒரு திசைக்கு நொடிக்கு 8 ஜிபி செல்லும். 1650 இந்த 16 லேன்களையும் பயன்படுத்துகிறது. 3050-இன் 6 ஜிபி வகையில் 8 லேன்களே உள்ளதால் அதற்குக் கிடைப்பது 4 ஜிபி. 53 வாட் மட்டுமே எடுக்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 ஆசை காட்டும். ஆனால் அதில் 4 லேன்கள்தான். பழைய போர்டில் 2 ஜிபியாகச் சுருங்கிவிடும். கார்டின் சொந்த நினைவகம் நிரம்பிவழியும்போதுதான் இந்தப் பாதைக்கு வேலை அதிகம். 4 ஜிபி நினைவகமும் 4 லேனும் சேர்ந்த கார்டு, பழைய கணினியில் படத்தைத் தடுமாறித் தடுமாறி ஓட வைக்கும்.

ப்ராசஸரின் வயதையும் மறக்கக் கூடாது. எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குக் கட்டளையிடுவது அதுதான். உங்கள் கணினியில் தடை எங்கே என்று அறிய எளிய சோதனை உண்டு. கேமின் ரெசல்யூஷனைக் குறைத்து ஓட்டுங்கள். நொடிக்கு வரும் படங்கள் நன்றாகக் கூடினால் தடை கார்டில் இருக்கிறது. மாற்றினால் பலன் உண்டு. கூடவே இல்லை என்றால் ப்ராசஸர்தான் தடை. அப்போது கார்டுக்குச் செலவழிப்பது வீண்.

மாட்டும் முறை

முதலில் பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். பழைய பயாஸ் புதிய கார்டை அடையாளம் காணாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடலாம். பழைய டிரைவரை நீக்குங்கள். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தையும் இறக்குங்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கியை விடுவித்த பிறகே பழைய கார்டை இழுக்க வேண்டும். உள்ளே தேங்கிய தூசியைத் துடைக்கவும் இதுதான் நேரம். புதிய கார்டை 'க்ளிக்' என்று பதியும் வரை அழுத்தி, ஸ்க்ரூ போட்டு, மானிட்டர் கேபிளைக் கார்டிலேயே செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று பயப்படுவது வழக்கமாக நடப்பது. பழைய விஜிஏ மானிட்டர் என்றால், டிஜிட்டலை அனலாகாக மாற்றும் கன்வெர்ட்டர் தேவைப்படும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோர், கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். பழைய சிப்பின் பயாஸை மாற்றிப் புது மாடலாக விற்கப்படும் பல போலிகளை அது காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

240 வாட் அடாப்டர் உள்ள பெட்டிக்கு, தனி மின்இணைப்பு இல்லாத 1650 அல்லது 3050-இன் 6 ஜிபி வகைதான் சரியான தேர்வு. வேகம் கூட்டப்பட்டு 6-பின் இணைப்போடு வரும் 1650-களும் உண்டு, பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யும் 75 வாட்தான். ஆனால் அந்தத் தலைமுறைக்கான கேம் டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இந்தப் பழைய ப்ராசஸர்கள் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. ஆகவே இந்தப் பெட்டிக்கென்றே பணத்தைக் கொட்ட வேண்டாம். நாளை வேறொரு கணினிக்குக் கழற்றி மாட்டக்கூடிய கார்டுக்கு மட்டும் செலவழியுங்கள். பெட்டி ஓய்ந்தாலும் அந்தப் பணம் வீணாகாது.