பிள்ளைக்குப் பழம் மசிப்போம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பழக்கடைகளில் வாழைக்குலைகள் வரிசையாகத் தொங்கும். ஏத்தன், செவ்வாழை, பூவன், ரசகதலி என்று பல வகை உண்டு.

கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் பழக்கடைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரப் பாட்டி கேட்கிறாள்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம் மக்கா?"

"ஆறு முடிஞ்சாச்சு பாட்டி. டப்பாவில் விக்கிற மாவு வாங்கலாமான்னு பாக்கேன்."

"ஒரு டப்பா விலைக்கு எத்தனை பழம் வாங்கலாம், எண்ணிப் பாரு. ஏத்தன்பழம் கொண்டு போ. அவிச்சு, மசிச்சுக் குடு."

பாட்டி சொன்னது சரிதான். எப்படி அவிப்பது, எப்படி மசிப்பது என்று பார்ப்போம்.

நன்றாகப் பழுத்த ஏத்தன்பழம் ஒன்று எடுங்கள். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் நல்லது. இனிப்பு கூடும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழத்தையும் கழுவுங்கள். தோலோடு இரண்டாக வெட்டி, இட்லிப் பானையில் வையுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் தோல் வெடிக்கும். இறக்கி, தோலை உரியுங்கள். பழத்தை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் கறுப்பு விதையும் நாரும் இருக்கும். அதை எடுத்து விடுங்கள். பிள்ளையின் தொண்டையில் அது உறுத்தும். பிறகு கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள். மிக்சி வேண்டாம். கட்டியாக இருந்தால் கொஞ்சம் தாய்ப்பால் விடலாம். கொதித்து ஆறிய தண்ணீரும் விடலாம்.

மசியல் தண்ணீராக இருக்கக் கூடாது. கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று ஒழுகாமல் கரண்டியில் நிற்க வேண்டும். பிள்ளையின் வயிறு சிறியது. தண்ணீரான உணவு வயிற்றை நிரப்பும். பலம் தராது. பிள்ளை சாப்பிட்ட மாதிரி இருக்கும், எடை மட்டும் ஏறாது. பழச்சாறு கொடுப்பதும் இப்படித்தான்.

முதல் நாள் இரண்டு, மூன்று சிறு கரண்டி போதும். பிள்ளை துப்பினால் பயப்பட வேண்டாம். புது ருசி அல்லவா? மறுநாள் மறுபடி கொடுங்கள். ஒரு பழம் பழகிய பிறகு அடுத்த பழம் கொடுக்கலாம். மூன்று நாள் இடைவெளி விடுங்கள். எந்தப் பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

பப்பாளியை அவிக்க வேண்டாம். விதை நீக்கி மசித்தால் போதும். மாம்பழத்தில் நார் இருந்தால் சல்லடையில் தேய்த்து எடுங்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் வேக வைத்த பிறகே மசிக்க வேண்டும். கொய்யாவின் விதையை வடிகட்டி விடுங்கள்.

குமரி மாவட்டத்தில் மட்டிப்பழத்தைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊருக்கே உரிய பொருள் என்று அரசு தரும் முத்திரை அது. 1956 வரை குமரிப் பகுதியும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. இரண்டு ஊரிலும் வாழைதான் பிள்ளைகளின் பழம்!

கேரளத்தில் குன்னன் என்று ஒரு வாழை உண்டு. அதன் காயைச் சீவி, வெயிலில் காய வைத்துப் பொடிப்பார்கள். அந்தப் பொடியில் கூழ் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். நல்ல பொடிதான். ஆனால் சில வீடுகளில் மூன்றாம் மாதத்திலேயே கொடுத்து விடுகிறார்கள். அது வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை. கூழ் குடித்த பிள்ளை பால் குறைவாகக் குடிக்கும். பாத்திரத்திலும் தண்ணீரிலும் உள்ள கிருமி வயிற்றுப்போக்கைக் கொண்டு வரும்.

கூழில் கருப்பட்டி, கற்கண்டு சேர்ப்பது பழைய வழக்கம். முதல் ஒரு வயதில் உப்பும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம். தேனைத் தொட்டு நாக்கில் வைக்கவும் வேண்டாம். தேனில் ஒரு கிருமி இருக்கக்கூடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கே பாட்டி சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பழம் மட்டும் போதாது. பிறக்கும்போது குழந்தையின் உடலில் இரும்புச் சத்து சேமிப்பு இருக்கும். ஆறு மாதத்தில் அது குறைந்து விடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. வாழைப்பழத்திலும் குறைவு. வெறும் பழமும் கூழுமாக வளரும் பிள்ளைக்கு இரத்தச் சோகை வரலாம். அதனால் பருப்புச் சோறு, கீரை, முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் மசித்துக் கொடுக்க வேண்டும். சோறு தின்ற பிறகு பப்பாளியோ கொய்யாவோ கொடுங்கள். அந்தப் பழங்களின் சத்து, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடலில் சேர வைக்கும்.

கேரளத்தில் அங்கன்வாடியில் அமிர்தம் பொடி தருகிறார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அது இலவசம். குடும்பஸ்ரீ பெண்கள் அதைத் தயாரிக்கிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா சேர்ந்தது. அந்தக் கூழில் மசித்த பழம் கலக்கலாம். பொடியிலேயே சர்க்கரை உண்டு. நீங்கள் வேறு போட வேண்டாம்.

பழம் வாங்கும்போது கவனம் வேண்டும். 2018-இல் கோழிக்கோடு பகுதியில் நிபா காய்ச்சல் வந்தது. பலர் இறந்தார்கள். நிபா கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருக்கிறது. அதன் எச்சில் பட்ட பழம் வழியாகவும் அது பரவக்கூடும். கடித்த தடமோ கீறலோ உள்ள பழத்தை வெட்டித் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். முழுப் பழத்தையும் எறிந்து விடுங்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை உண்டு. ஆனாலும் சிலர் செய்கிறார்கள். காய்ச் சீப்பாக வாங்கி வீட்டில் தொங்க விட்டால் அந்தக் கவலை இல்லை.

பிள்ளை தின்று மிச்சம் வைத்த மசியலை மாலைக்கு எடுத்து வைக்காதீர்கள். எச்சில் பட்ட மசியலில் கிருமி சீக்கிரம் பெருகும். பாதிப் பழம் மசித்தால் ஒரு வேளைக்குப் போதும். மீதிப் பாதியை அம்மா தின்னலாம்.